4.45: கடலாடித் தொகுதி கரைந்த கணக்கு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் கைவேலை. வாத்தியார் வேலையோடு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற பாதையில், ஒரு பக்கம் பனையும் மறுபக்கம் சீமைக்கருவேலும் நிற்கிற சின்னக் கிராமம் எங்களுடையது. மனுக்களில் முக்கால்வாசி தண்ணீருக்காகத்தான் இருக்கும். தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் ஊற்றுக்குப் போகும் பெண்கள் திரும்பி வரும்போது என் வாசலில் வண்டியை நிறுத்துவார்கள். குடத்து வாயில் துணி கட்டியிருக்கும். அப்படியும் வழியில் சிந்திய தண்ணீர் சக்கரத்தோடு கோடு போட்டபடி வரும்.

2011 தேர்தல் முடிந்த சமயம். அப்படி வண்டியை நிறுத்திய அக்கா ஒருத்தி, "தம்பி, போன வருசம் எழுதுனியே, அதே மாதிரி ஒண்ணு எழுதிக்குடு" என்றார். பழைய நகலை எடுத்தேன். "பெறுநர்: கடலாடி சட்டமன்றத் தொகுதி உறுப்பினர் அவர்கள்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "முதுகுளத்தூர்" என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி மாத்துற?"

"கடலாடித் தொகுதி இப்ப இல்லக்கா. முதுகுளத்தூரோட சேத்துட்டாங்க."

"நம்மள யாருப்பா கேட்டா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு மெல்ல மெல்லத் தேடிச் சேர்த்ததுதான் இந்த ஆய்வு. நகரத்து ஓட்டும் கிராமத்து ஓட்டும் ஒரே எடையா, எடை ஒன்றாக இருந்தால் குரலும் ஒன்றாகிவிடுமா என்கிற கேள்வியை ராமநாதபுரம் கடற்கரையில் நிறுத்திப் பார்க்க, கடலாடித் தொகுதியின் கதையைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

5 எப்படி 4 ஆனது

1971 மக்கள்தொகையை வைத்து 1976-ல் வரைந்த எல்லைகளோடுதான் தமிழ்நாடு 2006 வரை சட்டமன்றத் தேர்தல்களைச் சந்தித்தது. இன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் அன்று ஐந்து தொகுதிகள்: திருவாடானை, பரமக்குடி, ராமநாதபுரம், கடலாடி, முதுகுளத்தூர். 2002-ல் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவதற்கான புதிய மறுவரையறைச் சட்டம் வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம் அமைந்தது. மாநிலங்களுக்கு இடையே இடங்களின் எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது, மாநிலத்துக்கு உள்ளே 2001 கணக்கெடுப்பின்படி எல்லைகளைத் திருத்தலாம் என்பது ஏற்பாடு. 2008 பிப்ரவரியில் புது வரைபடம் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றத்துக்கு அதை முதன்முதலில் பயன்படுத்திய தேர்தல் 2011 ஏப்ரல் 13-ல் நடந்தது. கடலாடி அதில் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2001-ல் தமிழ்நாட்டு மக்கள் 6,24,05,679 பேர். தொகுதி 234. சராசரியாக ஒரு தொகுதிக்கு 2,66,691 பேர். ராமநாதபுரம் மாவட்டத்தில் 11,87,604 பேர். வகுத்தால் 4.45 வருகிறது.

4.45-ஐ 4 என்று எடுப்பதா, 5 என்று எடுப்பதா? பாதிக்குக் கீழே இருப்பதால் 4 என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஆனால் விளைவைப் பாருங்கள். 4 தொகுதி என்றால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 2,96,901 பேர், மாநிலச் சராசரியைவிட 11.3 சதவீதம் கூடுதல். 5 தொகுதி என்றால் 2,37,521 பேர், சராசரியைவிட 10.9 சதவீதம் குறைவு. சமத்துவத்திலிருந்து விலகும் தூரம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். சொல்லப்போனால் 5 என்பதுதான் நூலிழை அளவு சராசரிக்கு நெருக்கம். தலைக் கணக்கு மட்டுமே இங்கே எதையும் தீர்த்து வைக்கவில்லை. முழு எண்ணாக்கும் பழக்கம் தீர்த்து வைத்தது. இதை நான் திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது.

பக்கத்து மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். விருதுநகரில் 2001-ல் 17,51,301 பேர். வகுத்தால் 6.57. அது 7 ஆனது. ஒரு தொகுதிக்கு 2,50,186 பேர். ஆக விருதுநகர்க்காரர் இரண்டரை லட்சம் பேரோடு ஒரு உறுப்பினரைப் பகிர்ந்துகொள்கிறார், கடலாடிக்காரர் மூன்று லட்சம் பேரோடு பகிர்ந்துகொள்கிறார். கடலாடி மறைந்த அதே வரைபடத்தில்தான் விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழித் தொகுதி பிறந்தது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. 1985 வரை ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மூன்றும் ஒரே மாவட்டம். மூன்றின் 2001 மக்கள்தொகையையும் கூட்டினால் 40,94,261. வகுத்தால் 15.35. மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது 4, 4, 7 என்று 15. மொத்தத்தில் நியாயம்தான்! பழைய மாவட்டமாகவே இருந்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நிர்வாக வசதிக்காக 1985-ல் போட்ட கோடு, 23 வருடம் கழித்து கடற்கரைக்குப் பங்கு குறையக் காரணமாயிற்று. கோடு போட்ட அன்று இதை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நகரம் கிராமத்தைத் தின்றதா?

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இதற்குத் தயாராக ஒரு விளக்கம் உண்டு: "நம்ம சீட்டைப் பிடுங்கி மெட்ராசுக்குக் குடுத்துட்டான்." சென்னைக்கு 14 ஆக இருந்தது 16 ஆனது உண்மை. ராமநாதபுரத்தில் கடலாடியும் சிவகங்கையில் இளையான்குடியும் போனதும் உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே கோட்டில் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. 2001-ல் சென்னையில் 43,43,645 பேர். 16-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 2.71 லட்சம். சராசரியை ஒட்டிய எண்தான். 1971 எல்லைகளோடு 30 வருடத்துக்கு மேல் நின்றதால் நகரத்து மனிதனின் ஓட்டு எடை குறைந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்தது அநியாயமாகாது.

கிராமத்துக்காரன் என்பதற்காக என் ஓட்டு இரண்டு ஓட்டாகக் கணக்காக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது தவறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 60 வருடத்துக்கு மேல் எல்லைகளை மாற்றாமல் விட்டதால், சிறு கிராமப்புற மாவட்டங்கள் பெரிய நகரங்களைவிடப் பலமடங்கு அதிக எடையோடு சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தன. 1964-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் மனிதர்களுக்குத்தான் பிரதிநிதி, மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ இல்லை என்றது. அதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். நமது அரசியல் சட்டத்தின் 170-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: மாநிலம் முழுவதும் மக்கள்தொகைக்கும் இடத்துக்கும் உள்ள விகிதம், முடிந்தவரை, ஒன்றாக இருக்க வேண்டும்.

அதே அளவுகோலை 2011 கணக்கெடுப்போடு வைத்துப் பார்த்தால் டீக்கடை விளக்கமும் கலைகிறது, நகரத்துக்கு நியாயம்தான் கிடைத்தது என்ற எதிர்விளக்கமும் கலைகிறது. 2011-ல் மாநிலச் சராசரி 3,08,321. சென்னை மாவட்டத்தில் தொகுதிக்கு 2,90,421 பேர். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 3,63,477. திருவள்ளூரில் 3,72,810. ராமநாதபுரத்தில் 3,38,361. குறைவாகப் பிரதிநிதித்துவம் பெற்றவர்கள் ஒரு பக்கம் தாம்பரம், சோழிங்கநல்லூர், ஆவடிப் பக்கத்துப் புறநகர்க்காரர்கள், மறுபக்கம் எங்கள் கடற்கரை. நடுவே பழைய மாநகரம் சௌகரியமாக இருக்கிறது. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள். அதே நகரத்தின் துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சத்தை எட்டவில்லை. நகரத்துக்குள்ளேயே ஓர் ஓட்டு இன்னொன்றில் நாலில் ஒரு பங்குதான்.

ஆக "நகரம் எதிர் கிராமம்" என்று இரண்டு கட்சி கட்டிப் பேசினால் யாருக்கு அநியாயம் நடக்கிறது என்பதே மறைந்துபோகிறது. சோழிங்கநல்லூர்க்காரரும் சாயல்குடிக்காரரும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம்.

கரை மூன்றாகக் கிழிந்தது

எண்ணிக்கையை விட்டுவிட்டு வரைபடத்துக்கு வருவோம். என் வருத்தம் உண்மையில் இங்கேதான்.

தமிழ்நாட்டின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மட்டும் சுமார் 237 கிலோமீட்டர். வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி, நம்புதாளை, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று பாக் ஜலசந்திப் பக்கம் இறங்கி, மண்டபத்தில் கடல் தாண்டி, பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி சுற்றி, மறுபடி மன்னார் வளைகுடாவில் வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர், ரோச்மாநகர் என்று தூத்துக்குடி எல்லை வரை போகிறது இந்தக் கரை. வலை வேறு, படகு வேறு, சாமி வேறு, ஆனாலும் கரைக்காரர்களின் பிரச்சினைகள் ஒன்றோடொன்று கோத்தவை. இலங்கைக் கடற்படை கைது, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள நாள் பங்கீடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா எல்லையால் வரும் இடைஞ்சல், அலையிலிருந்து கரையைக் காக்கும் தூண்டில் வளைவு, டீசல் மானியம்.

இந்தக் கரை மூன்று சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. வடகரை திருவாடானையில். தீவும் மண்டபமும் கீழக்கரையும் ராமநாதபுரத்தில். தென்மேற்குக் கரை முன்பு கடலாடியில், இப்போது முதுகுளத்தூரில். நான்காவதான பரமக்குடி உள்நாடு. மூன்றிலும் கரை ஓர் ஓரம். தொகுதியின் உடம்பு உள்நாட்டுக் கண்மாய் விவசாயம், மிளகாய், நெல், பருத்தி.

கடலாடி ஊரே கடற்கரையில் இல்லை, அந்தத் தொகுதியிலும் மீனவர்தான் பெரும்பான்மை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சின்னத் தொகுதியில் கரை ஒரு கணிசமான துண்டு. அங்கே சில ஆயிரம் ஓட்டு முடிவை மாற்றும். அதனால் வேட்பாளர் வாலிநோக்கத்தில் வண்டியை நிறுத்துவார், மூக்கையூரில் மணலில் கால் புதைய நடப்பார். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி என்று மூன்று தாலுகா ஒரே தொகுதியான பிறகு அதே சில ஆயிரம் ஓட்டு பெரிய குளத்தில் போட்ட உப்பு மாதிரி ஆகிவிட்டது. ஓட்டின் எடை மாநிலச் சராசரியைவிடக் குறைந்தது சுமார் 10 சதவீதம்தான். குரல் குறைந்தது அதைவிட அதிகம். அதை எந்த வகுத்தலும் காட்டாது.

அக்காவின் மனு போன பாதை இது. முதுகுளத்தூர் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்கு ஒரு நாள் பாசி எடுக்கிற வேலை போகும். நான்கு பேர் சேர்ந்து போனார்கள். உறுப்பினர் அன்று கமுதிப் பக்கம் நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. மூன்று தாலுகாவையும் ஒரே ஆள் எத்தனை முறை சுற்றுவது?

பணமும் சேர்ந்து போனது. தொகுதி மேம்பாட்டு நிதி மக்கள்தொகை பார்த்து வருவதில்லை, தொகுதிக்கு இவ்வளவு என்று வருகிறது. இப்போதைய கணக்கில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். மாவட்டத்துக்கு ஐந்து தொகுதி இருந்தால் 15 கோடி. நான்கு என்பதால் 12 கோடி. ஒரு சமுதாயக் கூடம், இரண்டு மேல்நிலைத் தொட்டி, மூன்று வலைபின்னும் கூடம் என்று அந்த 3 கோடியை வருடா வருடம் மனசுக்குள் பங்கிட்டுப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

ஒரு தீவில் இரண்டு ஏற்பாடு

நகரம், கிராமம் என்ற கோடு எவ்வளவு செயற்கையானது என்று பார்க்க விரும்புகிறவர்கள் பாம்பன் தீவுக்கு வர வேண்டும். பாலத்தைத் தாண்டினால் பாம்பன், தங்கச்சிமடம் இரண்டும் ஊராட்சிகள். அதற்கப்பால் ராமேஸ்வரம் நகராட்சி. 2011-ல் நகராட்சியில் 44,856 பேர், 21 வார்டு. கவுன்சிலர் ஒருவருக்கு 2,136 பேர். ஊராட்சி எவ்வளவு பெரியதானாலும் வார்டு உறுப்பினர்கள் 15-ஐத் தாண்ட மாட்டார்கள். ஒன்றியக் குழுவில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர், மாவட்ட ஊராட்சியில் சுமார் 50,000 பேருக்கு ஒருவர் என்பது 1994 ஊராட்சிகள் சட்டத்தின் அளவு. ராமநாதபுரம் மாவட்ட ஊராட்சிக்கு 17 வார்டு. நகரத்தான் வார்டு கவுன்சிலரை டீக்கடையில் பார்க்கிறான். கிராமத்தான் ஒன்றியக் கவுன்சிலரைப் பஸ் ஏறிப் பார்க்கிறான்.

இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு காலத்தில் வந்தது. நமது மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். ஊராட்சிகளின் ஐந்து வருடம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். 2025 முழுவதும் ராமேஸ்வரம் நகராட்சியில் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கூட்டம் நடத்தினார்கள். சில கிலோமீட்டர் தள்ளி தங்கச்சிமடத்தில் தலைவர் நாற்காலி காலி. ஒரே தீவு, ஒரே கடல், ஒரே காற்று. ஒரு பக்கத்தில் மக்கள் பிரதிநிதி உண்டு, மறுபக்கத்தில் இல்லை. ஓட்டின் எடை பற்றி எவ்வளவு நுட்பமாக வாதாடினாலும், தேர்தலே நடக்காத இடத்தில் அந்த எடை பூஜ்யம். மாவட்டம் முழுக்க 429 ஊராட்சிகளின் கதை இது.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் பங்கு எப்படி என்று அரசியல் சட்டமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிற இடம் ஒன்று உண்டு: மாவட்டத் திட்டக் குழு. 243 இசட்.டி. பிரிவின்படி அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குபேர் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகராட்சிகளிலிருந்தும் வர வேண்டும். அதுவும் மாவட்டத்தின் ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படி. ராமநாதபுரத்தில் 2011-ல் 30 சதவீதம் நகரம், 70 சதவீதம் கிராமம். அழகான ஏற்பாடு. ஆனால் 70 சதவீதத்தை அனுப்ப வேண்டிய மாவட்ட ஊராட்சியே கலைந்து நின்றால் அந்த விகிதத்துக்கு என்ன பொருள்?

ஜம்முவில் செய்தது ராமநாதபுரத்துக்கும் ஆகும்

"கணக்கு கணக்குதான், என்ன செய்வது" என்று சொல்லிவிடுகிறவர்களுக்கு ஒரு பதில் இந்தியாவிலேயே இருக்கிறது. 2022-ல் ஜம்மு காஷ்மீருக்கு நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையிலான ஆணையம் எல்லை வரைந்தபோது 20 மாவட்டங்களையும் மூன்று வகையாகப் பிரித்தது: பெரும்பாலும் மலை, மலையும் சமவெளியும் கலந்தது, சமவெளி. தொகுதி ஒதுக்கும்போது சராசரியிலிருந்து 10 சதவீதம் வரை கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டது. போக்குவரத்துக்குக் கடினமான இடத்தில் ஓர் உறுப்பினர் குறைந்த மக்களைக் கவனித்தால் போதும் என்பது அதன் பொருள்.

அந்த 10 சதவீதச் சலுகையை 2001-ன் ராமநாதபுரத்துக்கு வைத்துப் பாருங்கள். சராசரி 2,66,691-ல் பத்து சதவீதம் குறைத்தால் 2,40,022. 11,87,604-ஐ அதனால் வகுத்தால் 4.95. ஐந்து தொகுதி! 2011 மக்கள்தொகைக்கும் அதே முறையில் போட்டால் 4.88. அப்போதும் ஐந்துதான்.

மலைக்குக் கொடுத்ததைக் கடலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். ஏன் கூடாது? தனுஷ்கோடியிலிருந்து கீழக்கரை வரை, நடுவில் ஒரு பாலத்தை நம்பி, காற்றுக்காலத்தில் பாதி வழி அடைபடும் கரையை ஓர் அலுவலகத்திலிருந்து கவனிப்பது சமவெளி வேலை இல்லை. தீவு என்பதற்காகத் தனி இடம் கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. 2011-ல் 64 ஆயிரம் பேர்தான் லட்சத்தீவில், ஆனாலும் ஒரு மக்களவை உறுப்பினர் உண்டு. பிரிட்டனில் ஓர்க்னி, ஷெட்லாந்து போன்ற தீவுத் தொகுதிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 2002 மறுவரையறைச் சட்டத்தின் 9-வது பிரிவும் இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி நான்கையும் கவனிக்கச் சொல்லியிருந்தது. வாசகம் இருந்தது. எங்கள் கரைக்காக அதை எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை. ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபனை கேட்டு, பொது விசாரணை நடத்தியது. அந்த அறிவிப்பு எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை. வந்திருந்தால் மனு எழுதுகிற நானே எழுதியிருப்பேன். உத்தரவு வெளியான பிறகு 329-வது பிரிவின் காரணமாக நீதிமன்ற வாசல் கிட்டத்தட்ட அடைத்துவிடும். பேச வேண்டிய காலம் அதற்கு முன்புதான்.

234 என்பது மாறாதவரை ஓரிடத்தில் கூட்டினால் ஓரிடத்தில் குறைய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். 2011 கணக்கில் சென்னை மாவட்டத்துக்கு வருவது 15.07, இருப்பது 16. பக்கத்து மாவட்டத்துக்காரர்களிடம் பிடுங்கித் தரச் சொல்லவில்லை. எங்கே கூடுதலாக இருக்கிறது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

ஒரு விஷயம் மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு மக்களவை இடம் குறையக் கூடாது என்று தமிழ்நாடு டெல்லியிடம் வாதாடுகிறது. 1967-ல் நமது 41 இடம் 39 ஆனதை நாம் மறக்கவில்லை. நான் அந்த வாதத்தோடு நிற்கிறேன். ஆனால் தலை எண்ணிக்கை மட்டும் நியாயம் ஆகாது என்று டெல்லியில் சொல்கிற நாம், சென்னைக்கும் சாயல்குடிக்கும் நடுவே அதே வாக்கியத்தைச் சொல்லத் தயங்குகிறோம். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்களால் தலை குறைந்த மாவட்டம் எங்களுடையது. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய கரிசனம் வறட்சிக்கும் கிடைக்க வேண்டாமா?

ஓட்டு ஊரில், தலை திருப்பூரில்

தேர்தல் பணிக்கு வடகரைப் பக்கம் போயிருந்த ஒருமுறை, வாக்குச்சாவடியில் என் முன்னால் விரித்து வைத்திருந்த பட்டியலை மறக்க முடியவில்லை. ஓட்டுப் போட்டவர் பெயருக்குக் கீழே கோடு இழுத்துக்கொண்டே வந்தோம். மாலையில் பார்த்தால் சில பக்கங்களில் பெண்கள் பெயருக்குக் கீழெல்லாம் கோடு, ஆண்கள் பெயர்கள் வெறுமையாக. ஒரே கதவு எண்ணில் ஐந்து பெயர், கோடு விழுந்தது இரண்டில். அருகில் இருந்த ஏஜெண்ட் ஒவ்வொன்றாகச் சொன்னார்: இவர் துபாய், இவர் சென்னையில் ஓட்டல் வேலை, இந்த ரெண்டு பயலுகளும் திருப்பூர். வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் அதற்காக விமானம் ஏறி வருகிறவர் எத்தனை பேர்?

தொகுதிகளைப் பிரிப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து இல்லை, மக்கள்தொகையை வைத்து. கணக்கெடுப்பில் ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே கணக்காவார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற எங்கள் ஊர்ப் பையன் திருப்பூர்த் தலை. அவன் வாக்காளர் அட்டை பெரும்பாலும் இன்னும் கடலாடி தாலுகாவில்தான் இருக்கிறது. அவன் தலை அங்கே ஒரு தொகுதியைப் பெரிதாக்குகிறது, அவன் ஓட்டு இங்கே போடாமலே கிடக்கிறது. தமிழ்நாட்டின் நகர மக்கள் பங்கு 2001-ல் 44 சதவீதம், 2011-ல் 48 சதவீதம். அந்த நான்கு சதவீதத்துக்குள் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பின் வரப்போகும் எல்லை வரைவுக்கு இப்போதே ஆட்சேபனை மனு எழுதத் தொடங்கிவிட்டேன். 4.45 அதில் முதல் வரி. ஜம்முவின் மூன்று வகை இரண்டாவது பத்தி. கரையோர ஊராட்சிகளை ஒன்றுசேர்த்து, மண்டபத்துக்கு மேற்கே மன்னார் வளைகுடாக் கரை முழுக்க ஒரே தொகுதியாக வர வழி உண்டா என்று மூன்றாவதில் கேட்டிருக்கிறேன். கடலாடி, திருவாடானை, ராமேஸ்வரம் தாலுகாக்களின் படகுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் தனித்தனியாக இதே மனுவைக் கொடுத்தால் பொது விசாரணையில் அது ஒரே ஆளின் புலம்பலாகத் தெரியாது.

போன வாரம் அந்த அக்கா வந்திருந்தார். இப்போது தள்ளுவண்டியை மருமகள் தள்ளுகிறாள். மனுவைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "கணக்கெடுக்க வர்றப்ப எம் பெரியவன் பேர எங்க சொல்லணும் தம்பி, இங்கயா?" என்றார்.

"இல்லக்கா. அவன் திருப்பூர்லதான இருக்கான். அங்க சொல்லுவான்."

"அப்ப அவன் ஓட்டு?"

"அது இங்கதான் இருக்கு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதையும் ஒரு வரி எழுது" என்றார். எழுதினேன்.